எல்லாம் தெரியும், தண்டிப்பது யார்?

2024 மக்களவைத் தேர்தலுக்காக வெளிநாடுவாழ் வாக்காளர் பட்டியலில் பெயர் பதிந்துகொண்ட இந்தியர்கள் ஏறத்தாழ 1.19 லட்சம் பேர். வாக்களிக்க வந்தவர்கள் 2,958 பேர். அவர்களிலும் 2,670 பேர் கேரளத்துக்காரர்கள். மற்ற மாநிலங்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் முந்நூறு பேர்கூட இல்லை. கடல்கடந்து வாழும் இந்தியக் குடிமக்களுக்கு 2010-ல் வந்த சட்டத் திருத்தம் வாக்குரிமை தந்தது. ஆனால் வாக்குப்பதிவு நாளில் சொந்த ஊர்ச் சாவடியில் நேரில் வந்து நிற்க வேண்டும் என்ற நிபந்தனை அப்படியே இருக்கிறது. வளைகுடாவிலிருந்து கோழிக்கோட்டுக்கு நாலைந்து மணி நேரத்தில் போய்விடலாம். சிட்னியிலிருந்து சிவகங்கைக்கு ஒரு வாக்குக்காக யார் போவது?

சிட்னியின் ஹரிஸ் பார்க்கில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். பரமட்டாவை ஒட்டிய இந்தச் சின்னப் புறநகரில் வசிப்பவர்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இந்தியாவில் பிறந்தவர்கள் என்கிறது 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. முன்வாசல் தாழ்வாரம் வைத்த பழைய வீடுகள் வரிசையாக உணவகங்களாகிவிட்ட விக்ரம் தெருப் பகுதிக்கு 'லிட்டில் இந்தியா' என்று பெயர். 2023 மே மாதம் சிட்னிக்கு வந்த நரேந்திர மோடி, ஆஸ்திரேலியப் பிரதமர் அந்தோணி ஆல்பனீஸுடன் சேர்ந்து இதன் நுழைவாயிலுக்கான அடிக்கல்லைத் திறந்துவைத்தார். இங்கே ஒரே மேசையில் உட்கார்ந்து தோசை சாப்பிடும் இருவரில் ஒருவர் ஆஸ்திரேலியக் குடிமகனாக இருப்பார். அவருக்கு வாக்களிப்பது கட்டாயம். தவறினால் கூட்டாட்சித் தேர்தலுக்கு 20 டாலர் அபராதம். இன்னொருவர் மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பார். அவருக்கு இங்கே வாக்கில்லை. ஊரில் இருக்கும் வாக்கைப் போடவும் வழியில்லை.

தேர்தல் காலத்தில் இந்த மேசைகளில் நடக்கும் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும்.

"அண்ணே, எங்க அம்மாவுக்கு ரெண்டு பக்கமும் குடுத்துட்டாங்களாம்."

"வாங்கிட்டாங்களா?"

"வாங்காம என்ன பண்றது? வேணாம்னு சொன்னா அவங்க லிஸ்ட்ல நம்மள எதிர்க்கட்சின்னு குறிச்சுக்குவாங்களே."

வளரும் ஜனநாயகங்களில் தேர்தலையும் ஆட்சியாளரின் பொறுப்புக்கூறலையும் ஆராய்கிறவர்கள் கடந்த இருபது ஆண்டுகளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் சிக்கல் இந்த மூன்று வரிகளில் இருக்கிறது. பணம் வாங்கியவர் விலைபோய்விட்டார் என்று நகரத்துப் படித்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

ரகசிய வாக்கு பிறந்த மண்

பணமும் மதுவும் கொடுத்து வாக்குக் கேட்பது ஏழை நாடுகளுக்கு மட்டும் உரிய நோய் என்று நினைப்பவர்கள் ஆஸ்திரேலியாவின் 19-ஆம் நூற்றாண்டைப் பார்க்க வேண்டும். அன்று வாக்காளர் யாருக்கு ஆதரவு என்பதை எல்லோர் முன்னிலையிலும் தெரிவிக்க வேண்டியிருந்தது. நிலக்கிழாருக்கும் முதலாளிக்கும் யார் எந்தப் பக்கம் என்பது தெரியும். வேட்பாளர் செலவில் மதுக்கடையில் விருந்து நடக்கும். நியூ சவுத் வேல்ஸில் 1843-ல் நடந்த முதல் சட்டமன்றத் தேர்தலே கலவரத்தைக் கண்டது. 1856-ல் விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் சில வார இடைவெளியில் ரகசிய வாக்குமுறையைச் சட்டமாக்கின. அரசாங்கமே அச்சிட்ட ஒரே மாதிரியான வாக்குச்சீட்டு, தனி மறைப்பு, மூடிய பெட்டி. நியூ சவுத் வேல்ஸ் 1858-ல் பின்தொடர்ந்தது. பிறகு பிரிட்டனும் அமெரிக்க மாநிலங்களும் எடுத்துக்கொண்ட இந்த முறையை உலகம் வெகுகாலம் 'ஆஸ்திரேலிய வாக்குச்சீட்டு' என்றே அழைத்தது.

இந்த வரலாற்றை இங்கே எடுத்துச் சொல்லக் காரணம் உண்டு. ரகசிய வாக்கு வந்த பிறகு பணம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே ஒப்பந்தம் என்று எதுவும் இல்லை. மும்பையில் கட்சிக்காரர்களிடமும் அவர்களுடைய இடைத்தரகர்களிடமும் ஆய்வு செய்த சைமன் ஷோஷார் 2018-ல் வெளியிட்ட கட்டுரையில் காட்டியது இதைத்தான். கொடுத்த பணம் வாக்காக மாறும் என்ற நம்பிக்கை கொடுப்பவருக்கே இல்லை. வாக்காளர் எல்லாரிடமும் வாங்கிக்கொள்வார் என்பதும் அவருக்குத் தெரியும். எதிராளி கொடுக்கும்போது தான் கொடுக்காவிட்டால் போட்டியிலேயே இல்லை என்று ஆகிவிடும் என்பதால் கொடுக்கிறார். அந்த அம்மாவுக்கு மறுக்கப் பயம். வேட்பாளருக்கு நிறுத்தப் பயம். ஊழலின் முதல் முடிச்சு இந்த இரண்டு பயங்களுக்கு நடுவில் விழுகிறது.

திருமங்கலத்திலிருந்து வேலூர் வரை

2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலை யாரும் மறக்கவில்லை. வாக்குக்கு 5,000 ரூபாய், காலை நாளிதழுக்குள் மடித்த கவர், கூடவே வாக்குச்சீட்டு விவரம் என்று சென்னையிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம் தன் தலைமைக்கு எழுதி அனுப்பியது. விக்கிலீக்ஸ் வழியாக அந்தக் குறிப்பு 2011-ல் 'தி இந்து' நாளிதழில் வெளியானது. அதற்குள் 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற சொல் தமிழ்நாட்டு அரசியல் அகராதியில் நிலைத்துவிட்டது.

அதற்குப் பின் தேர்தல் ஆணையம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பறக்கும் படைகள் வந்தன. 2016 சட்டமன்றத் தேர்தலில் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடா காரணமாக வாக்குப்பதிவு நிறுத்தப்பட்டது. 2017 ஏப்ரலில், வருமான வரிச் சோதனைகளில் 89 கோடி ரூபாய் பட்டுவாடா பற்றிய ஆவணம் சிக்கியதாகச் செய்தி வந்த பின், ஆர்.கே.நகர் இடைத்தேர்தல் ரத்தானது. 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலையே குடியரசுத் தலைவர் ரத்து செய்தார். பணத்துக்காக ஒரு மக்களவைத் தொகுதியின் தேர்தல் ரத்தானது நாட்டில் அதுவே முதல் முறை. 2024-ல் முதல் கட்ட வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்பே நாடு முழுக்கக் கைப்பற்றப்பட்ட பணம், மது, போதைப்பொருள், பரிசுப்பொருள்களின் மதிப்பு 4,650 கோடி ரூபாய் என்று ஆணையம் அறிவித்தது. 2019 தேர்தல் முழுவதிலும் பிடிபட்டதைவிட அது அதிகம்.

அடுத்து என்ன நடந்தது என்று பாருங்கள். அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் ஆறு மாதம் கழித்து அதே பெரிய கட்சிகள் அதே வேட்பாளர்களை நிறுத்தின. ஆர்.கே.நகரில் ஏப்ரலில் போட்டியிட்ட டி.டி.வி. தினகரன் டிசம்பரில் சுயேச்சையாக நின்று 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். 20 ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. தி.மு.க. அங்கே கட்டுக்காசை இழந்தது. வேலூரில் ஆகஸ்டில் தேர்தல் நடந்தபோது, ஏப்ரலில் எந்தத் தரப்பைச் சுற்றிச் சோதனைகள் நடந்தனவோ அந்தத் தரப்பின் அதே வேட்பாளர் 8,141 வாக்குகளில் ஜெயித்தார். குற்றச்சாட்டுகளை இவர்கள் எல்லோருமே மறுத்தார்கள். உண்மை எது என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்று கண்முன் நடந்தது: தண்டனை தேர்தலுக்குக் கிடைத்தது, மாதக்கணக்கில் பிரதிநிதி இல்லாமல் கிடந்த தொகுதி மக்களுக்குக் கிடைத்தது. வேட்பாளர் யாருக்கும் கிடைக்கவில்லை.

வாக்காளருக்கு லஞ்சம் கொடுப்பதற்கு இந்திய தண்டனைச் சட்டம் வைத்திருந்த அதிகபட்சத் தண்டனை ஓராண்டுச் சிறையும் அபராதமும். கோடிகள் புரளும் களத்தில் இது ஒரு செலவுக் கணக்குகூட அல்ல.

தகவல் போதுமா?

இந்தியாவில் தேர்தல் ஆராய்ச்சி என்றால் முதலில் சொல்ல வேண்டியது ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கத்தை. அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் 1999-ல் தொடங்கியது. அவர்கள் தொடுத்த வழக்கில் 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு மகத்தான தீர்ப்பைத் தந்தது: வேட்பாளரின் குற்ற வழக்குகள், சொத்து, கல்வி ஆகியவற்றை அறிவது வாக்காளரின் உரிமை. கட்சிகள் ஒன்றுசேர்ந்து அதை நீர்த்துப்போகச் செய்யும் சட்டம் கொண்டுவந்தன. 2003-ல் நீதிமன்றம் மறுபடி வாக்காளர் பக்கம் நின்றது. இன்று வேட்புமனுவோடு வரும் பிரமாணப் பத்திரத்தை ஹரிஸ் பார்க்கில் உட்கார்ந்துகொண்டு கைபேசியில் படிக்கலாம். இந்த ஒரு மாற்றத்துக்காக அந்தப் பேராசிரியர்களுக்கு நாடு நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

அதே சங்கம் தொகுத்த எண்கள்தான் நம்மை உலுக்குகின்றன. தங்கள் மீது குற்ற வழக்கு இருப்பதாகத் தாங்களே எழுதிக்கொடுத்த மக்களவை உறுப்பினர்கள் 2004-ல் 24 சதவிகிதம். 2009-ல் 30, 2014-ல் 34, 2019-ல் 43. 2024-ல் 543 பேரில் 251 பேர், அதாவது 46 சதவிகிதம். வாக்காளருக்குத் தெரிவிக்கத் தெரிவிக்க அந்தப் பங்கு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

மக்களுக்குத் தெரியாததால் தவறானவர்கள் ஜெயிக்கிறார்கள், தெரிவித்தால் போதும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் ஆய்வாளர்களிடமும் வலுவாக இருந்தது. அதற்கு ஆதாரமும் இருந்தது. 2008 டெல்லி சட்டமன்றத் தேர்தலின்போது அபிஜித் பானர்ஜி, ரோகிணி பாண்டே முதலியோர் நடத்திய பரிசோதனையில், குடிசைப் பகுதி மக்களுக்கு அவர்கள் எம்.எல்.ஏ.வின் செயல்பாட்டு அட்டை நாளிதழ் வழியாகப் போய்ச் சேர்ந்தது. அங்கே வாக்குப்பதிவு கூடியது, பணப் பட்டுவாடா குறைந்தது, நன்றாக வேலை செய்த எம்.எல்.ஏ.க்களுக்கு வாக்கு ஏறியது.

பிறகு இந்தக் கேள்வியை ஒரே சமயத்தில் பல நாடுகளில் சோதிக்க ஆய்வாளர்கள் கைகோத்தார்கள். பெனின், பிரேசில், புர்கினா ஃபாஸோ, மெக்சிகோ, உகாண்டா, இந்தியா. இந்தியாவில் திட்டமிட்ட ஆய்வு முழுமை பெறாமல் நின்றுபோனது, மற்றவை முடிந்தன. 2019-ல் வெளியான கூட்டு முடிவு சுருக்கமானது: பதவியில் இருப்பவரின் செயல்பாடு பற்றிய தகவல் வாக்காளரின் முடிவைச் சராசரியாக எந்தப் பக்கமும் நகர்த்தவில்லை. எதிர்பார்த்ததற்கு மாறான முடிவை ஒளிக்காமல் அச்சிட்டார்களே, அந்த நேர்மை எனக்குப் பெரிதாகப்படுகிறது. அரசியல்வாதிக்கும் அதே நேர்மை இருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

ஏன் நகரவில்லை? அந்த அம்மாவின் இடத்தில் நின்று யோசித்தால் புரியும். வேட்பாளர் மீது வழக்கு இருப்பது அவருக்கு முன்பே தெரியும். எதிரில் நிற்பவர் மீதும் வழக்கு இருப்பது தெரியும். முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் நகர வேண்டும், பேரனுக்குச் சான்றிதழ் வேண்டும், போலீஸ் நிலையத்தில் யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அரசு தானாக வந்து செய்யாத ஊரில், செய்ய வைக்கும் பலம் உள்ளவரைத் தேர்ந்தெடுப்பது அவருடைய நியாயம். குற்ற வழக்கு உள்ளவர்கள் இந்தியத் தேர்தலில் ஏன் ஜெயிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2017-ல் புத்தகம் எழுதிய மிலன் வைஷ்ணவ் வந்து சேர்ந்த இடமும் இதற்கு அருகில்தான்.

பிரேசில் கற்றுத் தந்தது

பிரேசில் அரசு 2003-ல் ஒரு வேலையைத் தொடங்கியது. எந்த நகராட்சியில் தணிக்கை என்பதைக் குலுக்கல் முறையில் வெளிப்படையாகத் தேர்ந்தெடுத்தது. தணிக்கையாளர்கள் போய் மத்திய அரசுப் பணம் எங்கே போனது என்று தோண்டினார்கள்; அறிக்கை பொதுவில் வெளியானது. குலுக்கல் என்பதால் எந்தக் கட்சியும் பழிவாங்கல் என்று சொல்ல முடியவில்லை. 2004 உள்ளாட்சித் தேர்தலை வைத்து கிளாடியோ ஃபெராஸும் ஃபிரெடெரிகோ ஃபினானும் செய்த ஆய்வில், ஊழல் அம்பலமான மேயர்கள் மறுபடி ஜெயிப்பது குறைந்திருந்தது. உள்ளூர் வானொலி இருந்த ஊர்களில் இன்னும் கூடுதலாகக் குறைந்திருந்தது.

அதைவிட முக்கியமானது 2018-ல் வந்தது. ஒருமுறை தணிக்கைக்கு ஆளான நகராட்சிகளில் பின்னாளில் ஊழல் சுமார் 8 சதவிகிதம் குறைந்திருந்ததை அவர்கள் கண்டார்கள். காரணத்தைப் பிரித்துப் பார்த்தபோது, வாக்காளர் தோற்கடிப்பார் என்ற பயத்தைவிட வழக்கு வரும், தண்டனை வரும் என்ற பயமே பெரும்பங்கு வகித்தது. தகவல் வேண்டும், அந்தத் தகவலைக் கையிலெடுத்து நடவடிக்கை எடுக்கும் ஓர் அமைப்பும் வேண்டும். அது இல்லாத ஊரில் பிரமாணப் பத்திரம் வெறும் வாசிப்புப் பொருளாகிவிடும்.

நம்மிடம் அந்த அமைப்பு எவ்வளவு மெதுவாக நடக்கிறது என்பதற்கு ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கே சாட்சி. 1996-ல் தொடங்கி, 2003-ல் கர்நாடகத்துக்கு மாற்றப்பட்டு, 2014 செப்டம்பரில் தண்டனை வந்தது. 2015-ல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்த விடுதலையை உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் ரத்து செய்தபோது அவர் உயிரோடு இல்லை. இடையில் அவர் மூன்று சட்டமன்றத் தேர்தல்களில் கட்சியை ஜெயிக்க வைத்திருந்தார். இந்த 21 ஆண்டுகளில் ஒரு வாக்காளர் எந்தத் தகவலை நம்பி முடிவெடுத்திருக்க முடியும்?

ஹரிஸ் பார்க் இருக்கும் நியூ சவுத் வேல்ஸுக்கும் அழுக்குக் குறைவில்லை. 1988-ல் சட்டம் இயற்றி ஊழலுக்கு எதிரான சுதந்திர ஆணையத்தை இந்த மாநிலம் அமைத்துக்கொண்டது. அதைக் கொண்டுவந்த முதல்வர் நிக் கிரைனரே 1992-ல் அதன் விசாரணைக்குப் பின் பதவி விலக நேர்ந்தது. 2014-ல் பேரி ஓ'ஃபாரல் பதவி இழந்தது ஒரு மது பாட்டிலால். ஏறத்தாழ 3,000 டாலர் மதிப்புள்ள அந்தப் பரிசு தனக்கு வரவில்லை என்று ஆணையத்தில் சொன்னார்; அவர் கைப்பட எழுதிய நன்றிக் குறிப்பு மறுநாள் வெளிவந்தது; அன்றே ராஜினாமா. வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று ஆணையம் பின்னர் முடிவு செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டு நியூகாசல் மேயர் ஜெஃப் மெக்லாய், தன் சொகுசுக் காரில் வைத்து வேட்பாளருக்குப் பணக் கவர் கொடுத்ததை அதே ஆணையத்தில் ஒப்புக்கொண்டு பதவி விலகினார். அவரைப் போன்ற கட்டுமானத் தொழிலதிபர்கள் கட்சிகளுக்கு நன்கொடை தர 2009-லேயே இங்கே தடை வந்திருந்தது. அந்தத் தடையை எதிர்த்து அவர் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் வரை போனார், 2015-ல் தோற்றார். திருமங்கலத்துக் கவர் வாக்காளர் வீட்டுக்குப் போனது. நியூகாசல் கவர் வேட்பாளருக்குப் போனது. இரண்டில் எது அதிக ஆபத்து என்று கேட்டால், இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். வீட்டுக்கு வரும் 2,000 ரூபாய் வாக்கை வாங்குகிறதா என்பதே சந்தேகம். மேலே போகும் கோடிகள் கொள்கையை வாங்கக்கூடும்.

தேர்தல் பத்திர விவகாரத்தில் நாம் பார்த்தது இந்த இரண்டாவது கவரைத்தான். 2018-ல் நடைமுறைக்கு வந்த அந்தத் திட்டத்தில் யார் யாருக்குக் கொடுத்தார் என்பது குடிமக்களுக்குத் தெரியாது. உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரி 15-ல் அதை அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று ரத்து செய்தது. பிறகு வெளியான பட்டியலில் முதலிடத்தில் இருந்தது கோயம்புத்தூர் லாட்டரி அதிபர் சான்டியாகோ மார்ட்டினின் நிறுவனம்: 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தி.மு.க.வுக்குப் போனது என்று அந்தக் கட்சியே தெரிவித்தது. பத்திரங்களால் நாட்டிலேயே அதிகம் பெற்றது பா.ஜ.க. எல்லாம் வெளியே வந்துவிட்டது. பத்திரத்துக்கும் ஒப்பந்தங்களுக்கும் தொடர்பு உண்டா என்று சிறப்புக் குழு வைத்து விசாரிக்கக் கோரிய மனுக்களை அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. தகவல் கிடைத்த இடத்தில் கதை நின்றது.

யாழ்ப்பாணத்து வாக்காளர்

ஹரிஸ் பார்க்கிலிருந்து மேற்கே ரயிலில் சில நிறுத்தங்கள் போனால் வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில். அங்கே குடியிருக்கும் ஈழத் தமிழர்களுக்கும் இலங்கைத் தேர்தலில் வெளியிலிருந்து வாக்களிக்க வழியில்லை. அவர்களுடைய தேர்தல் நினைவுகள் இன்னும் கசப்பானவை. 1981-ல் மாவட்ட சபைத் தேர்தலை ஒட்டி யாழ்ப்பாணம் நூலகம் எரிந்தது. 1982-ல் பொதுத்தேர்தலே நடத்தாமல், ஒரு வாக்கெடுப்பின் மூலம் நாடாளுமன்றத்தின் ஆயுள் ஆறு ஆண்டுகள் நீட்டப்பட்டது.

அந்த மண்ணின் வாக்காளர் அண்மையில் செய்ததை ஆய்வாளர்கள் கூர்ந்து பார்க்க வேண்டும். 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இடங்களில் 3 அப்போது ஆட்சியிலிருந்த தேசிய மக்கள் சக்திக்குப் போயின. தமிழ்த் தலைமைகள் மீதான சலிப்பை மக்கள் வாக்காகப் போட்டார்கள். ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் வடக்கில் தமிழரசுக் கட்சி மீண்டும் முன்னுக்கு வந்தது. இரு தரப்புக்கும் கணக்குக் கேட்டிருக்கிறார்கள். போரும் இடப்பெயர்வும் கண்ட ஒரு சமூகம் இவ்வளவு நிதானமாக வாக்கைப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போது, ஏழை நாட்டு வாக்காளருக்கு அரசியல் அறிவு போதாது என்ற பேச்சு எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

இலங்கை நீதிமன்றங்களும் இரண்டு விதமாக நடந்திருக்கின்றன. ஈஸ்டர் குண்டுவெடிப்புகளைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாட்டைத் திவாலாக்கிய பொருளாதார முடிவுகளுக்கு ராஜபக்ச சகோதரர்களும் மற்றவர்களும் பொறுப்பு என்று அதே ஆண்டு நவம்பரில் சொன்னபோது, மனுதாரர்களுக்கு வழக்குச் செலவாக 1,50,000 ரூபாய் மட்டுமே தரச் சொன்னது. முதல் தீர்ப்பு அடுத்து வருகிறவரை யோசிக்க வைக்கும். இரண்டாவது அப்படிச் செய்யுமா?

வாக்கில்லாதவர்கள் கேட்ட கணக்கு

2009 ஜூன் மாதத்தில் ஹரிஸ் பார்க் தெருக்களில் பல இரவுகள் இந்திய மாணவர்கள் திரண்டார்கள். தாங்கள் தாக்கப்படுவதாகவும் போலீஸ் கண்டுகொள்வதில்லை என்றும் குரல் எழுப்பினார்கள். அதற்குச் சில நாள் முன்பு மெல்பர்னில் ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்தின் முன் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்திருந்தார்கள். கட்டணத்தை வாங்கிக்கொண்டு திடீரென மூடிய தனியார் கல்லூரிகளால் தெருவுக்கு வந்தவர்களும் அந்த ஆண்டில் ஏராளம். அந்த மாணவர்களில் ஒருவருக்கும் ஆஸ்திரேலியாவில் வாக்கில்லை. ஊரில் இருந்த வாக்கால் இங்கே ஒரு பயனும் இல்லை. அவர்களால் எந்த அரசியல்வாதியையும் தோற்கடிக்க முடியாது.

ஆனாலும் அரசு பதில் சொல்ல வேண்டிவந்தது. அந்த ஆண்டே ஆஸ்திரேலிய செனட் குழு வெளிநாட்டு மாணவர் நலன் பற்றி விசாரித்து அறிக்கை தந்தது. முன்னாள் எம்.பி. புரூஸ் பேர்ட் வெளிநாட்டு மாணவர் கல்விச் சட்டத்தை ஆராய்ந்து 2010-ல் பரிந்துரைகள் கொடுத்தார். 2012 ஜூலையில் கட்டணப் பாதுகாப்புச் சேவை தொடங்கியது. இன்று ஹரிஸ் பார்க்கில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு மாணவரின் கல்லூரி நடுவில் மூடப்பட்டால், வேறு கல்லூரியில் இடம் தேட அரசு உதவ வேண்டும். கிடைக்காவிட்டால் படிக்காத காலத்துக்குக் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதற்கான நிதியைக் கல்வி நிறுவனங்களே ஆண்டுதோறும் கட்டுகின்றன.